சித்தப்பாவை ஒளித்துவைத்த வீடு

ஒரு குடும்பத்தால் எவ்வளவு ஃபீஸ் கட்ட முடியும் என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியாது, காலேஜுக்குத்தான் தெரியும். நான் சேர ஆசைப்பட்ட தஞ்சாவூர் காலேஜில் சலுகை கேட்டால், ஒரு மேடம் நேரில் வந்து, வீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்.

எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பாவுக்குக் குத்தகை நிலம். அந்த வருஷம் சம்பா மொத்தமும் தண்ணீரில் போய்விட்டது. சலுகை கிடைக்காவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை. இந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து லீவில் வந்து நின்றார் சித்தப்பா, கழுத்தில் தாம்புக்கயிறு மாதிரி சங்கிலியும் கையில் பெரிய டிவியுமாக.

திட்டம் என்னுடையது (மூளை இருப்பவர்கள் இப்படி யோசிக்க மாட்டார்கள்). பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டின் சாவி எங்களிடம் இருந்தது. டிவியையும் சித்தப்பாவையும் அங்கே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்.

மேடம் சாயங்காலம் வந்தார். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. தவளைகள்கூடக் கத்தவில்லை.

"வீட்ல சம்பாதிக்கிறது யாரு?"

"நான் ஒருத்தன்தாங்க" என்றார் அப்பா.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து இருமல் கேட்டது. நீளமான, சளி கட்டிய இருமல்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. இருந்தவரு இருமி இருமியே போய்ச் சேந்துட்டாரு" என்றார் அப்பா. (அது உண்மைதான்.)

மறுபடி இருமல். மேடத்தின் பேனா நின்றது. எனக்குச் சித்தப்பா மேல் ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாதா?

படாரென்று அந்த வீட்டுக் கதவு திறந்தது. ஒற்றைச் செருப்போடு, சங்கிலி குதிக்க ஓடிவந்த சித்தப்பா, மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார்.

"ஏன் சித்தப்பா இருமுனீங்க?" என்று பல்லைக் கடித்தேன்.

"நான் எங்க பாப்பா இருமுனேன்? அந்த இருமலக் கேட்டுத்தான ஓடியாறேன்!"

மேடம்தான் முதலில் தேறினார். "நீங்க யாரு? எங்க வேலை?"

நடுக்கத்தில் சித்தப்பா சம்பளம் வரைக்கும் ஒப்பித்துவிட்டார். மேடம் அதையும் எங்கள் வருமானத்தோடு கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்க் காரில் ஏறினார். சலுகை கிடைக்கவில்லை.

"என் சம்பளத்தையும் சேத்துட்டாங்கல்ல, அப்ப நான்தான் கட்டணும்" என்று மூன்று வருஷமும் சித்தப்பாவே ஃபீஸ் கட்டினார்.

டிவியை எடுத்துவர இதுவரை யாரும் உள்ளே போகவில்லை. வீட்டில் யாராவது டிவி பார்க்க ஆசைப்பட்டால், "போயி அந்த இருமுறவருகிட்ட கேளு" என்பார் அம்மா. எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும், அம்மாவே எழுந்துபோய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார்.