வேர்முளைச் சித்தரின் மஞ்சள் நூல்

ஆரணி கோட்டை பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மூணு வாரமா அங்க கல்யாணமே கிடையாது, பல்லு வைபவம்தான். சேத்துப்பட்டு பஸ்ல இறங்கினவங்க, செய்யார் கம்பெனியில ஷிப்டு முடிச்சவங்க, எல்லாரும் வாயைப் பொத்திகினு வரிசையில நிக்கிறாங்க. உள்ளே வேர்முளைச் சித்தர். ஆடுற பல்லுக்கு வேர் முளைக்க வைப்பாராம். இடுப்புல காவி, கையில ஐபேட், வாயைத் திறந்தா குரோத் ஃபேக்டர்!

வைத்தியம் ரொம்ப சுலபம். பல்லுல மஞ்சள் தோய்ச்ச பட்டு நூலைக் கட்டுவார், திருநீறு தடவுவார், கண்ணை மூடுவார். நூல் சிவந்தா வேர் எள்ளளவு வளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சிவக்காத நூலை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. வீட்டுக்கு வீடு மஞ்சள்ல சுண்ணாம்பைக் கலக்கி ஆரத்தி சுத்துற ஊரு, தினம் பட்டுக்குச் சாயம் ஏத்துற ஊரு, அந்தச் சிவப்பைப் பார்த்துக் கன்னத்துல போட்டுகிச்சு. என்னத்தைச் சொல்ல!

தறிக்கார கந்தசாமி பெண்சாதி பரிமளாவும் அந்த வரிசையில ஒருத்தி. முன்பல்லு ரெண்டும் ஆட்டம், ஈறுல சீழ். பல் டாக்டர் சத்யப்ரியா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தெளிவாத்தான் சொன்னாங்க: வேரைச் சுத்தி எலும்பு கரையுது, சுத்தம் பண்ணி மருந்து வெச்சா வேர்ல இருக்கிற செல்லுங்க மறுபடி சுண்ணாம்புச் சத்தைப் பூசிகினு எலும்போட இறுக்கிக்கும், அந்தச் செல்லைத் தூண்டி விடுறதுதான் குரோத் ஃபேக்டர், அது நூல்ல ஏறி வராது, இந்த மாசம் தாண்டினா ரெண்டையும் பிடுங்கணும். ஆனா பரிமளாவுக்கு ஊசின்னா பயம், நூல்தான் சௌகரியமா இருந்துச்சு. கந்தசாமி கெஞ்சினாரு, கத்தினாரு, பேஜாராகி ஒரு நாள் தானே போய் வரிசையில நின்னாரு.

மேல் பல்லு ஆடுதுன்னாரு. சித்தர் நூலைக் கட்டினார், தடவினார், நூல் சிவந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். மைக்கைப் பிடிச்சு, வேர் நெல்லு நீளம் இறங்கிடுச்சுன்னு அறிவிச்சார்.

"அப்ப இழுத்துக் காட்டுங்க சாமி, ஜனங்க பார்க்கட்டும்."

கூட்டம் கை தட்டிச்சு. சித்தருக்கு வேற வழி? லேசா இழுத்தார். கந்தசாமி நாக்கால லேசா தள்ளிக் குடுத்தாரு.

மேல் வரிசை மொத்தமும், ரோஸ் கலர் ஈறோட, நூல் நுனியில ஊஞ்சலாடுச்சு. எட்டு வருஷமா பெண்சாதியைத் தவிர ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத பல்லு செட்டு! பிளாஸ்டிக்குக்கும் அருள் இறங்கும்னு சித்தர் ஆரம்பிச்சார். யாருக்குக் காது கேட்டுச்சு? வாயைப் பொத்தினவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சிகினு சிரிக்கிறாங்க. சித்தர் பின் வாசல்ல ஜல்தியா நழுவப் பார்க்க, மூணு வாரமா பொழப்பு இல்லாம கிடந்த மண்டபத்துச் சமையல்காரங்க பிடிச்சுகிட்டாங்க.

பரிமளா அன்னிக்கே டாக்டர்கிட்ட போனா. ஒரு பல்லு நின்னுச்சு. இன்னொண்ணு அந்த மூணு வாரத்துல போயே போச்சு. அந்தக் கோபம் கந்தசாமிக்கு இன்னும் ஆறல.

சித்தருக்கு முதல் மாலை போட்ட பட்டு வியாபாரி ராஜவேலு, நாலு பேர் முன்னாடி பொக்கை வாயைக் காட்டி மானத்தைப் போக்கிகினியேன்னு கந்தசாமியைக் கேட்டாரு.

"என் வாயில பல்லு இல்ல, கேள்வி இருந்துச்சு. முப்பத்திரண்டையும் வெச்சிகினு நீங்க ஏங்க வாயைத் திறக்கல?"