ஏழு மணி விசில்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "ஊசி போட்டது என் பையன், போட்டுக்கிட்டது உங்க பொண்ணு, நடுவுல உங்களுக்கு என்ன வேலை?" என்று சிரித்தீர்கள். அதற்கான பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். கைக்கடிகாரம் கட்டியதில்லை. வீட்டுக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினால் டிப்போவில் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே நிற்பேன். என் நடை அப்படி. அதனால்தான் மகளுக்குக் குழந்தைப்பேறு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. "கருவுக்கு அஞ்சு நாள் வயசு. ஊசி ஆரம்பிச்சு கர்ப்பப்பைக்கும் அஞ்சு நாள் ஆகியிருக்கணும். முந்தினாலும் தங்காது, பிந்தினாலும் தங்காது. தினமும் சாயங்காலம் சரியா ஏழு மணிக்கு ஊசி" என்றார். "கனெக்‌ஷன் பஸ் மாதிரி, ஒண்ணு வர்றப்போ இன்னொண்ணு நிக்கணும்" என்றேன். "அதேதான்" என்று என் ஒருவனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆய்வகத்தில் உருவாக்கி உறைய வைத்த மூன்று கருவில் இரண்டு தங்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். இதுதான் கடைசி. இதுவும் போனால் இன்னொரு முறை தெம்பில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். இந்த நிலையில் நேரத்தைக் கைப்பேசியிடம் விட்டுவிடச் சொல்கிறீர்களா?

பழைய டிப்போ விசிலை எடுத்தேன். கூடத்துக் கடிகாரத்தில் ஏழு அடித்ததும் ஊதினேன். முதல் நாள் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். இப்போது அவரும் அதைக் கேட்டுத்தான் சர்க்கரை மாத்திரை போடுகிறார். விசில் கேட்டதும் மாப்பிள்ளையும் மகளும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும். கேட்டால், "எண்ணெய் மாதிரி மருந்து மாமா, மெதுவாத்தான் ஏத்தணும்" என்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் வேறு. ஊசிக்குச் சிரிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. என் மகளின் தைரியம் யாருக்கு வரும்!

கரு வைக்கும் நாளில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். அந்தத் தண்ணீரையும் நானே மணி பார்த்துக் கொடுத்தேன். வழக்கம்போல் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் திருத்தச் சொன்னேன். அதற்குள் மகள் நெளிந்துகொண்டு, "அப்பா, இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்க, எல்லாம் இங்கேயே நடந்துடும்" என்றாள். கரு குறித்த நேரத்தில் உள்ளே போனது.

நாளை ரத்தப் பரிசோதனை. முடிவு எதுவானாலும் நேரத்தில் குறை சொல்ல ஆளில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், உங்கள் முழங்காலுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன், இன்று காலை ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மகளிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாம். கல்யாணமான புதிதில் என்னை வேலைக்கு விரட்ட என் மனைவி முள்ளைத் தள்ளி வைத்தாளாம். ஊசி தொடங்கிய முதல் நாளே அவளே அதை மாப்பிள்ளை காதில் போட்டுவிட்டாளாம். விசிலுக்குப் பின் சரியான ஏழு மணி வரை இருவரும் சும்மா பேசிக்கொண்டிருந்தார்களாம். "இத்தனை வருஷ வைத்தியத்துல நாங்க சிரிச்சது அந்தப் பத்து நிமிஷந்தான்பா" என்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கரு தங்கிவிட்டது, சம்பந்தி! மனைவி கடிகாரத்தைத் திருத்த ஸ்டூலில் ஏறினாள், இறக்கிவிட்டேன். ஊசி இன்னும் சில வாரம் உண்டாம். இன்று மாலையும் பத்து நிமிடம் முன்னதாகவே ஊதுவேன்.