நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் பெரும்போர்

வாழ்க இபு சுலாஸ்த்ரி! இந்தோனேசியச் செமாராங் நகரத் தொடக்கப்பள்ளியொன்றின் நான்காம் வகுப்பைக் காத்தருளும் ஆசிரியை, ‘இபு’ எனில் அம்மா என்றே யாவரும் விளிக்கும் கோமகள், சுண்ணத்தூள் படிந்த செங்கையள், இருபத்தெட்டுப் பிள்ளைகளின் இரைச்சலை ஒற்றைப் புருவ நெரிப்பில் அடக்கும் பேராற்றலாள்! அவள் பொருத போரைச் சொல்லப் புகுந்தேன், நாவே, இடறாதிரு.

வெள்ளிக்கிழமைத் தேர்வின் தாள்களை அவள் திருத்தி முடித்தபோது வகுப்பு மூன்று படைகளாய்ப் பிரிந்து நின்றது. நால்வர் பத்தே நிமிடத்தில் முடித்துத் தாளின் பின்புறம் வாத்து வரைந்திருந்தனர். பதினைவர் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தனர். எஞ்சிய ஒன்பதின்மர், மூன்றாம் வரிசைச் சிறுவன் பாகாஸ் உட்பட, வகுத்தல் என்னும் அகழியில் தலைகுப்புற வீழ்ந்து கிடந்தனர். ஆகவே ஒன்பதின்மரைப் பாடநூலில் வகுத்தல் தொடங்கும் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் திருப்பி அழைப்பதென்றும், நால்வருக்குக் கடுங்கணக்குகளைக் கொடுப்பதென்றும், மற்றவரோடு மட்டும் நாற்பத்து மூன்றாம் பக்கம் ஏகுவதென்றும் சூளுரைத்தாள்.

எதிர்நின்றவரோ தலைமையாசிரியர் திர்த்தோ, ‘பாக்’ எனில் ஐயா என்று யாவரும் விளிக்கும் பெரியவர். பாத்திக் சட்டைப் பெருந்தகை, முத்திரைக் கட்டை ஏந்திய மூதரசர். வியாழனன்று மேற்பார்வையாளர் வருகிறார். அன்று வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். தேர்ச்சிக்கு எழுபத்தைந்து, அதற்குக் கீழே விழுந்த மதிப்பெண்களைக் கிணற்று வாளிபோலக் கப்பி கட்டி மேலிழுத்து எழுபத்தைந்தில் நிறுத்துவது அப்பள்ளியின் தொன்மரபு. திங்கள் காலை, பதிவேட்டைக் கேடயமாய்த் தாங்கி அவர் வகுப்புக்குள் புகுந்தார்.

“இபு, ஒன்பது பேருக்கும் எழுபத்தஞ்சு போட்டுட்டு நாப்பத்து மூணுக்குப் போங்க. காலங்காலமா இப்படித்தான்!”

“போடலாம் பாக், மார்க் மேல வந்துடும். பாகாஸ் கீழேயே நிப்பானே, அவனை யாரு தூக்குறது?”

அவர் பதிவேட்டை நீட்ட, அவள் தள்ள, ஒற்றைக் கரும்புக்கு இரு களிறுகள் பொருதாற்போல் மேசை அதிர்ந்தது, சுண்ணக்கட்டிகள் உருண்டன, முன்வரிசை பின்வரிசைக்கு ஓடிற்று.

“என்ன இபு, பெரிய மலையா இது? நாலாங்கிளாஸ் கணக்கு! கண்ணை மூடிட்டுப் போடலாம்!” என்று முழங்கிய திர்த்தோ, சுண்ணக்கட்டியை வேலென ஏந்திக் கரும்பலகைமேல் பாய்ந்தார். வெள்ளிக்கிழமைத் தேர்வில் ஒன்பதின்மரையும் வீழ்த்திய கணக்கு அது: எழுநூற்று ஐம்பத்தாறை ஏழால் வகுக்க வேண்டும். ஏழில் ஏழு ஒருமுறை. ஐந்தில் ஏழு போகாது. போகாததைப் பொருட்படுத்துவது வீரர்க்கு அழகன்று என ஐம்பத்தாறுக்குத் தாவினார். எட்டு. ஆகப் பதினெட்டு! விடையின்கீழ் இருமுறை கோடிட்டு, வாகை சூடிய வேந்தராய்த் திரும்பினார்.

மூன்றாம் வரிசையில் பாகாஸ் துள்ளியெழுந்தான். “பாக்! எனக்கும் பதினெட்டுதான்!”

“எனக்கும்! எனக்கும்!” என மற்ற எண்மரும் ஆர்ப்பரித்தனர். வாத்து வரைந்த நால்வர் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் சரிந்தனர்.

“நூத்தியெட்டு, பாக்,” என்றாள் சுலாஸ்த்ரி, மிகத் தாழ்ந்த குரலில். “நடுவுல ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு. பரவாயில்ல, உங்களுக்கும் எழுபத்தஞ்சு போட்டுடவா?”

திர்த்தோ பலகைப்பக்கம் திரும்பி, விரல்விட்டு மறுபடி வகுத்துப் பார்த்தார். கேடயம் தாழ்ந்தது.

“அந்தப் பூஜ்யம்... பன்னெண்டாம் பக்கத்துல வருதா?”

“அங்கதான் வருது.”

“சரி, நடத்துங்க. வியாழக்கிழமை அவரு கேட்டா நான் பேசிக்கிறேன்.”

அக்கணமே முரசுகள் அதிர, விண்ணவர் மலர்மாரி பொழிய, ஒன்பது புத்தகங்கள் ஒருசேரப் பின்னோக்கிப் புரண்டன! பாகாஸுக்கு வகுத்தல் புரிய மூன்று வாரம் ஆனது.