செய்மதி விளங்கப்படுத்தும் ஐயா

வெள்ளவத்தையில் விளங்கப்படுத்துவோர் என்றோர் இனம் வாழ்கிறது. கல்கிசை பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, டீசல் எந்தக் கடலால் எந்தக் கப்பலில் வந்து இறங்குகிறது என்று தொடங்கி, பஸ் வந்து, நின்று, உங்களை ஏற்றாமலே போன பிறகுதான் முடிப்பார்கள். ஏளனம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த இனத்தவன்தான். ஆனால், ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் இராஜநாயகம் ஐயாவுக்கு முன்னால் நான் வெறும் கத்துக்குட்டி.

அது சண்டைக்காலம். லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குச் சனமெல்லாம், வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு குரலுக்காக, காலி வீதியோரம் ராசிக்கின் தொலைபேசிக் கடையில் காத்திருக்கும். காத்திருப்பவர் எழும்பிப் போகமுடியாது. ஐயாவுக்கு இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

நானும் அங்கே இருந்த ஒரு ஞாயிறு பின்னேரம் அகப்பட்டவர் பருத்தித்துறைப் பாலேஸ்வரி அக்கா. ஜேர்மனிக்கென்று ஏஜென்ட் கூட்டிப்போன அவருடைய ஒரே மகன் கிருபன், மொஸ்கோவில் பூட்டிய வீடொன்றில் பனிக்காலம் முழுவதும் கிடந்தான். அன்று பேசுவான் என்று சேதி வந்திருந்தது.

“லைன் கிடைக்குமோ, ஐயா?” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

“ரஷ்யாவுக்கெண்டா பயப்பிடாதேங்கோ. ஆகாயத்தில இருந்து குரலை அனுப்பிற மற்றச் செய்மதியெல்லாம் பூமத்திய கோட்டுக்கு மேல நிக்கிறது. தூர வடக்கில இருந்து பாத்தா அதுகள் அடிவானத்தோட ஒட்டிப்போகும். அதுக்காக ரஷ்யாக்காரன் முட்டை மாதிரி நீட்டுப் பாதையொண்டில செய்மதியை விட்டிருக்கிறான். பூமிக்குக் கிட்ட வரேக்க ஒரே ஓட்டம். மேல போகப்போக ஊரும். ஒரு சுத்தில எட்டு மணித்தியாலம் ரஷ்யாவுக்கு மேல, அடுத்த சுத்தில கனடாப் பக்கம். ஒண்டு இறங்க மற்றது ஏறும்.”

எங்கள் பிள்ளைகளை ஏஜென்ட்மார் கொண்டுபோகும் பாதையும் ஏறக்குறைய அதுதான்: முதலில் ரஷ்யா, பிறகு கனடா. ஆனால் கிருபனின் குரல் அந்தச் செய்மதியால்தான் வரும் என்று ஐயாவுக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை.

மணி அடித்தது. “அக்கா, மொஸ்கோ!” என்றார் ராசிக். அக்கா எழும்புவதற்குள், தொலைபேசிக்குப் பக்கத்திலிருந்த ஐயா றிசீவரை எடுத்துவிட்டார்.

“தம்பி, என்ர குரல் பிந்தியோ வருது? பிந்தத்தான் வேணும், ஏனெண்டா...”

“அம்மா இல்லையோ? அம்மா இல்லையோ?” என்று பையன் கத்தியது எங்களுக்கே கேட்டது. அக்கா கையை நீட்டினார். ஐயா ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். நான் என்ன செய்தேன்? “ஐயா, மூண்டு செய்மதியோ, நாலோ?” என்று கேட்டேன். ஐயா அதற்கும் மறுமொழி சொன்னார்.

அக்கா றிசீவரைப் பறித்தார். “அப்பன், சாப்பிட்டியோ?”

“ஓம் அம்மா. இண்டைக்கு எங்களை எல்லை கடத்தப் போகினம். அழாதே...” லைன் அறுந்தது.

“பாத்தீங்களோ, செய்மதி இறங்கிட்டுது,” என்றார் ஐயா.

“எட்டு மணித்தியாலம் மேல நிக்குமெண்டு சொன்னனீங்கள், ஐயா. எனக்கொரு நிமிஷம் விட்டிருக்கலாம்,” என்றார் அக்கா.

ஐயா வாயைத் திறந்தார். மூடினார். எங்கள் இனத்தில் இப்படியொன்று முன்பு நடந்ததாக நான் அறியேன்.

அதன்பின் அக்கா ஒவ்வொரு நாளும் வந்தார். ஐயாவும் வந்தார், வாசலோடு நின்றார். பல நாள் கழித்து ஒரு காலை, பெர்லினிலிருந்து கிருபன் பேசினான். உள்ளே போக முயன்றவர்களையெல்லாம் ஐயா இரு கைகளையும் விரித்து மறித்தார். “பொறுங்கோ, அவ கதைக்கட்டும்.”

அக்கா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். “பிள்ளை போய்ச் சேந்திட்டான், ஐயா. இனிச் சொல்லுங்கோ, ஜேர்மனிக்கு எந்தச் செய்மதி?”

ஐயாவின் கண்ணும் கலங்கியது. ஆனாலும் தொடங்கிய விளக்கம் நிற்கவில்லை.

நீங்கள் இந்த இனமில்லையா? நல்லது. ஆனால், மூன்றோ நாலோ என்றதற்கு ஐயா சொன்ன மறுமொழியை நான் எழுதாமல் விட்டது உங்கள் மனதை அரித்தால், அல்லது ஜேர்மனிக்குக் கடலடிக் கம்பியும் உண்டே என்று என்னைத் திருத்தப் பேனையைத் தேடினால், தயவுசெய்து தொலைபேசிக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.