முப்பத்தாறு காலிபர் சமரசமும் லரீனின் இருபத்திரண்டு கோழிகளும்

நாகரிகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். நன்றாகச் சுடுகிற ஒரு துப்பாக்கியை, நன்றாகத்தானே சுடுகிறது என்று சும்மா விட்டுவிடாத மனப்பக்குவம்தான் நாகரிகம். அந்த வகையில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் கூஸ் கிரீக் உலகத்துக்கே வழிகாட்டி. சொந்த ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. 'கூஸ் கிரீக் சிற்றுரு ரிவால்வர் மேம்பாட்டுக் கழக'த்தின் செயலாளர் என்ற முறையில் அதிகாரபூர்வமாகச் சொல்கிறேன்.

எங்கள் அக்கறையெல்லாம் ஒரே வகைத் துப்பாக்கி மேல்தான். உள்ளங்கைக்கு அடக்கமான ரிவால்வர். ஒவ்வொரு தடவையும் அதன் பின்பக்கத்துச் சின்னச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். கடையில் வாங்கும்போது இருபத்திரண்டு காலிபர், அதாவது குழலின் துளை சின்னது, தோட்டாவும் சின்னது. தகர டப்பா, பாம்பு, முயல் எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் 'போதும்' என்ற சொல் எங்கள் விதிமுறைகளில் கிடையாது. அதைப் பட்டறைக்கு அனுப்பி, குழலை மாற்றி, தோட்டா உருளையை மாற்றி, பெரிய காலிபர் ஆக்கியே தீர வேண்டும். பட்டறைக்காரர் பக்கத்து மாநிலமான மொன்டானாவில் இருக்கிறார். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்வார். அதனால் எங்கள் ஆறு உறுப்பினர்களில் எவர் கையிலும் எந்த நேரத்திலும் துப்பாக்கி இருக்காது. இதைவிடப் பாதுகாப்பான துப்பாக்கிக் கழகம் பூமியில் உண்டா?

எங்கள் உறுப்பினர் டெல்மர் ஸ்டக்கிக்கு ஒரு மனைவி, லரீன். லரீனுக்கு இருபத்திரண்டு வெள்ளைக் கோழிகள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாவட்டக் கண்காட்சியில் அவளுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசின் நீல ரிப்பனை ஒரு தடவையாவது வாங்கிவிட வேண்டும் என்று அவள் அந்தக் கோழிகளைக் குழந்தைகளைப்போல் குளிப்பாட்டி வளர்த்தாள். அப்போதுதான் ஒரு ரக்கூன், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டாற்போல் இருக்கும் அந்தத் திருட்டு விலங்கு, வர ஆரம்பித்தது. கூண்டுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அது மனிதக் கையைப்போல் விரல் விட்டுத் திறந்தது. இரண்டு தாழ்ப்பாள் போட்டாள், இரண்டையும் திறந்தது. முதல் வாரத்திலேயே மூன்று கோழி போயிற்று.

டெல்மர் அப்போதுதான் வாங்கி, இன்னும் பட்டறைக்கு அனுப்பாமல் வைத்திருந்த இருபத்திரண்டு காலிபரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். நல்லவேளையாக அன்று கழகக் கூட்டம். தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில், ஆப்பிள் கேக்குக்கும் காபிக்கும் நடுவே, தலைவர் க்ளைட் பார்க்கின்சன் அவனைத் தடுத்து நிறுத்தினார்.

"யோவ் டெல்மர், ரக்கூனை இருபத்திரண்டால சுடப்போறியா? வெளியில சொல்லிடாதய்யா, கழகத்துக்கே அசிங்கம்."

கூடவே வந்திருந்த லரீன் கேட்டாள்: "ஏன், அதால சுட்டா சாகாதா?"

"சாகும்மா. ஆனா முறையா சாகாது."

இந்த நுட்பம் லரீனுக்குப் பிடிபடவில்லை. அவள் உறுப்பினர் அல்ல. ஒரு தடவை விண்ணப்பித்தாள். 'உங்களுக்குப் பிடித்த காலிபர் எது, ஏன்?' என்ற கேள்விக்கு 'கைக்கு எது கிடைக்கிறதோ அது' என்று எழுதியிருந்தாள். விண்ணப்பத்தைக் கனத்த மனத்துடன் நிராகரித்தோம்.

டெல்மரின் ரிவால்வருக்கு உகந்த காலிபரைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைந்தது. நான் முப்பத்திரண்டு கட்சி. உருளையில் ஆறு தோட்டா இருக்கும், கையை உதைக்காது. க்ளைட் நாற்பத்தொன்று கட்சி. தோட்டா கனம், ஆனால் உருளையில் ஐந்துக்குத்தான் இடம்.

"அஞ்சு போதுமா?" என்றேன்.

"ஆறாவது தேவைப்படுதுன்னா, முதல் அஞ்சுல நீ என்னத்தக் கிழிச்ச?" என்றார் க்ளைட்.

விவாதம் நான்கு மாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது. ஒருநாள் லரீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு ரெண்டு போச்சு. மொத்தம் ஒன்பது. கண்காட்சிக்கு மூணு வாரம்தான் இருக்கு. இன்னும் என்ன பண்றீங்க?"

"பின்னுதைப்பைப் பத்திப் பேசிட்டு இருக்கோம், லரீன்," என்றேன் மரியாதையாக.

கடைசியில் சமரசம் பிறந்தது. முப்பத்திரண்டும் வேண்டாம், நாற்பத்தொன்றும் வேண்டாம், நடுவில் முப்பத்தாறு. பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை அறுத்து, வாயைச் சுருக்கினால் அந்த அளவுத் தோட்டா கிடைக்கும். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்வதில்லை. எவ்வளவு தனித்துவம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்மர் வீட்டிலிருந்த இரண்டு ரைஃபிள்களையும் விற்று முன்பணம் கட்டினான். ரிவால்வர் மொன்டானாவுக்குப் போயிற்று. ரக்கூன் எங்கும் போகவில்லை.

அந்த ஆகஸ்டில் லரீனுக்குப் பரிசு இல்லை. அடுத்த ஆகஸ்டிலும் இல்லை. புதுக் குஞ்சு வாங்கேன் என்று டெல்மர் சொல்லிப் பார்த்தான். அவள் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. மூன்றாவது ஆகஸ்டில் மிச்சம் இருந்தது ஒரே கோழி, மேபல். அப்பழுக்கில்லாத வெள்ளை, விசிறி மாதிரி வால். பார்த்தவர்களெல்லாம் இந்த வருடம் ரிப்பன் மேபலுக்குத்தான் என்றார்கள்.

கண்காட்சிக்கு முதல்நாள் ரிவால்வர் வந்து சேர்ந்தது. டெல்மர் வீட்டு முற்றத்தில் சிறப்புக் கூட்டம் கூட்டினோம். எல்க் மானின் கொம்பில் கைப்பிடி, மசியைப்போல் கருநீல மெருகு, உருளையைச் சுழற்றினால் கடிகாரச் சத்தம். க்ளைட் இரண்டு வருடமாகக் கையாலேயே செய்த ஐந்து தோட்டாக்களும் வெல்வெட் பெட்டியில் பக்கத்தில் இருந்தன. லரீன் மேபலைக் குளிப்பாட்டிக் காய்வதற்காக வெயிலில் விட்டிருந்தாள்.

அப்போது ரக்கூன் வந்தது. பட்டப்பகலில், நிதானமாக. இருபத்தொரு கோழி தின்ற உடம்பு. வயிறு தரையில் உரசியது. எங்களைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல், மேபலின் வாலைப் பிடித்தது.

"டெல்மர், சுடு!" என்று கத்தினாள் லரீன்.

டெல்மர் ரிவால்வரைத் தூக்கினான். பிறகு க்ளைட்டைப் பார்த்தான்.

"சுட்டா உருளை முகப்புல புகைக்கறை படியும்டா," என்றார் க்ளைட். "அப்புறம் எத்தனை தேய்ச்சாலும் போகாது."

"தோட்டாவும் அஞ்சுதான் இருக்கு," என்றேன் நான். "ஒண்ணு குறைஞ்சா பெட்டி பார்க்க நல்லா இருக்காது."

டெல்மர் ரிவால்வரை மெதுவாகக் கீழே இறக்கினான்.

லரீன் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். சுத்தியலை இழுக்கவில்லை, தோட்டா போடவில்லை, குறிகூடப் பார்க்கவில்லை. அப்படியே வீசினாள். பதினோரு தப்படி தூரம். ரக்கூனின் மண்டையில் 'ணங்' என்று விழுந்தது. அது மேபலை விட்டுவிட்டு வேலி தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு கூஸ் கிரீக்கில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆக, முப்பத்தாறு காலிபர் ரக்கூனுக்குப் போதும் என்ற குழுவின் கணிப்பு முழுமையாக நிரூபணமானது.

அடுத்த கணம் முற்றத்தில் ஏழு பேரும் ஓடினோம். லரீன் கோழியிடம் ஓடினாள். நாங்கள் ஆறு பேரும் துப்பாக்கியிடம் ஓடினோம்.

மெருகில் கட்டைவிரல் அகலத்துக்குக் கீறல். க்ளைட் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். டெல்மர் அழுதேவிட்டான். அதை மறுபடி மொன்டானாவுக்கு அனுப்புவதென்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். அனுப்புவதுதான் அனுப்புகிறோம், நாற்பத்தொன்றாகவே மாற்றிவிடலாம் என்று க்ளைட் திருத்தம் கொண்டுவந்தார்.

நான் அதைக் கழகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது லரீன் வந்து நின்றாள். அவள் மார்போடு அணைத்திருந்த மேபலுக்கு வால் இல்லை. வாலில்லாத கோழியைக் கண்காட்சி நடுவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த ரக்கூன் மேல எனக்குக் கோபமே இல்ல," என்றாள். "அது என் கோழிங்களைப் பசிக்குத் தின்னுச்சு. நீங்க ஆறு பேரும் பொழுதுபோக்குக்குத் தின்னீங்க."

இதையும் குறிப்பேட்டில் ஏற்றலாமா என்று தலைவரைக் கேட்டேன்.

"காலிபர் சம்பந்தமா ஒண்ணும் சொல்லலையே, விடு," என்றார்.

விட்டுவிட்டேன். அங்கே எழுதாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.