போச்சுன்னா டீச்சரின் திராட்சை ஒத்திகை

எது நடக்கும் என்று போச்சுன்னா டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. நடந்து போச்சுன்னா என்ன செய்வீர்கள் என்று கேட்டதோடு சரி; அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். ஆனாலும் ஓடைப்பட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் எது நடந்தாலும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.

நான் அப்போது கம்பம் பகுதிக்கு நிருபர். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேரைப் போல அவருக்கும் கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. ஒரு கோடை விடுமுறையில் இணையத்தில் 'எதிர்காலச் சிந்தனை' என்றொரு வகுப்பில் சேர்ந்தார். எது நடக்கும் என்று குறி சொல்வது அதன் வேலையில்லை. எதெல்லாம் நடக்கக்கூடும் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வோம் என்பதை முன்னாடியே பழகிப் பார்ப்பது. மற்றவர்களாக இருந்தால் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். டீச்சர் அதை ஊர் மேல் பிரயோகித்தார்.

அறை பார்க்கப் போன அன்றே என்னை நிற்க வைத்துக் கேட்டார். கரண்ட்டு போச்சுன்னா என்ன செய்வேன், தண்ணி வராமப் போச்சுன்னா என்ன செய்வேன், என் பத்திரிகையே நின்னு போச்சுன்னா என்ன செய்வேன். மூன்றாவது கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு விட்டாரா? "ஏன் தம்பி, விடியக்காலம் மதுரையிலருந்து பேப்பர் கொண்டாந்து போடுற வேன், திரும்பிப் போகையில என்னத்த ஏத்திட்டுப் போகுது?" என்றார். விற்காத பழைய பேப்பர் கொஞ்சம், மற்றபடி காலி வண்டிதான் என்றேன். தலையாட்டிக்கொண்டார். குடிவருகிறவனுக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் ஏறியவர், பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, "உச்சியில போய் நின்னு போச்சுன்னா எப்படி இறக்குவீக?" என்று ராட்டினக்காரரிடம் விசாரித்தார். அவர் பதில் யோசிப்பதற்குள் மற்ற பெட்டிகளில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கல்யாணத்தில், மணப்பெண்ணின் தாயார் காலைப் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கையில், அவரிடம், "மாப்பிள்ளை வராமப் போச்சுன்னா?" என்று கேட்டார். "வாயைக் கழுவுங்க டீச்சர்" என்று அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார். அதற்கும் ஒரு நன்றி கிடையாது.

எங்கள் பக்கத்துத் திராட்சை முக்கால்வாசி மலைப்பாதை ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. கம்பத்திலிருந்து வியாபாரி ராவுத்தர் பந்தலுக்கே வந்து விலை பேசி, அறுத்து, லாரி ஏற்றிவிடுவார். வேறு யோசனை எவருக்கும் இல்லை. அந்தப் பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், டீச்சர் மாதா கோயில் மைதானத்தில் ஒத்திகை வைத்தார். மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குக் காக்கிச் சட்டை மாட்டி, போலீஸ் ஆக்கினார். அவர் கையை நீட்டி, மலையில ரோட்ட அடைக்கப் போறோம், பொழுது சாய்ஞ்சா ஒரு வண்டியும் போகாது என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பூசைக்கே வராத சவரிமுத்து பைக்கில் வந்தார். ஊரிலேயே பெரிய பந்தல் அவருடையது. கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார்.

அடைப்பு முழுசாக வருவதற்குள் எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று பழுக்காத திராட்சையை ஆள்விட்டு அறுத்துத் தள்ளினார். யாரோ ஓடிப்போய் விஷயத்தைச் சொல்வதற்குள் பாதிப் பந்தல் தரையில் கிடந்தது.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். வருஷக்கணக்காக மணியடிக்கிறவர் காக்கிச் சட்டை போட்டதும் போலீஸ் ஆகிவிடுவாரா என்று சவரிமுத்துவை ஒருவரும் கேட்கவில்லை. டீச்சரைத்தான் நிற்க வைத்தார்கள். இனிமேல் ஊருக்குள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று கோயில் வாசலில் வாக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்.

அதற்கப்புறம் வீட்டில் நான் கண்ட கொடுமை! மேகத்தைப் பார்ப்பார், வாய் திறக்கும், உடனே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொள்வார். எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பார் மனுஷி?

மிச்சப் பந்தல்கள் எல்லாம் ஒருசேரப் பழுத்து, அறுத்து, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த அன்று மலையில் மண் சரிந்தது. ராவுத்தர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "பாறை உருண்டு கிடக்கு. முன்னாடி போன லாரி அங்கனயே நிக்குது. என்னைய நம்பி இருக்காதீக." அறுத்த பன்னீர் திராட்சை காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் ஊரே டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. முன்வரிசையில் சவரிமுத்து.

"டீச்சர், இப்ப என்ன செய்யிறது?"

"என்னையவா கேக்குறீக? நான்தான் வாக்குக் கொடுத்திருக்கேனே, அண்ணே."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நீங்க பேச்சுக்குச் சொன்னீக. நான் கோயில் வாசல்ல சொன்னேன்."

"பழம் பூராம் அழுகிப் போயிரும் ஆத்தா."

"நான் கேக்கக் கூடாது. நீங்க கேக்கலாம்ல?"

சவரிமுத்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவரே, "நாலு நாளைக்கு ரோடு திறக்காமப் போச்சுன்னா?" என்றார்.

"ம். அப்புறம்?"

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். தேனிச் சந்தையில் விலை விழுந்து போச்சுன்னா? மதுரைக்கு வண்டி கிடைக்காமப் போச்சுன்னா? அதற்குத்தான் டீச்சர் காத்திருந்ததுபோல என் பக்கம் திரும்பினார். மறுநாள் விடியற்காலையில், பேப்பர் இறக்கிய வேன் டிரைவரின் காலில் விழாத குறையாக நான் கெஞ்சினேன். என் பத்திரிகையின் விற்காத பிரதிகளையே பெட்டியில் விரித்து, அதன் மேல் திராட்சை மதுரைக்குப் போனது. அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோவும் வந்தது.

எல்லாம் பிழைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரியகுளம் சந்தைக்கு அனுப்பிய பங்கு பாதி விலைக்குத்தான் போனது. மிச்சத்தைக் கோயில் பாத்திரத்தில் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, பங்குச் சாமியார் அறையில் அடுக்கிய சாறு புளித்து, மூடிகள் வெடித்து, அந்த அறைக் கூரை இன்றைக்கும் ஊதாவாக இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பழம் காசானது. ஒரு பந்தலும் கடனில் போகவில்லை.

இனி நியாயத்தைக் கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டது தான்தான் என்று சவரிமுத்து டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மலை சரிந்ததே டீச்சர் வாய்வைத்ததால்தான் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்கிறார். அவர் வாயே திறக்காத சமயத்தில்!

பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. போன வாரம் போன் செய்தபோது, மாடி அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருக்கும் விடவில்லையாம். பார்க்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஏன் டீச்சர் என்றேன்.

"மதுரை உங்களுக்கு ஒத்துக்கிறாமப் போச்சுன்னா?"

அந்த அறையின் சாவி இன்னும் என் வளையத்தில்தான் இருக்கிறது. அவர் அதைத் திருப்பிக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.