ஸ்க்ரூட்டினி சாரின் ஐந்து வார்த்தைகள்

உலகத்தில் எதையுமே சும்மா பார்க்கத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஸ்க்ரூட்டினி சார்தான். டீக்கடையில் கிளாஸை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். டீயை முகர்வார். குடித்து முடித்தபின் அடியில் தங்கிய தூளையும் பார்ப்பார். அதற்குள் எங்கள் இடைவேளை முடிந்து சங்கு ஊதிவிடும்.

தொண்ணூறுகளில் மராட்டிய மண்ணில், கசார்வாடியில், வண்டி பிரேக்குக்கான பின்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே தரம் பார்க்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்திருக்கிறேன். மராட்டிக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் ஸ்க்ரூட்டினி சார்.

பின்கள் நிறைந்த ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும். மற்ற பட்டறைகளில் அதில் 'ஓக்கே' என்று முத்திரை குத்தி வேலையை முடித்துவிடுவார்கள். இவரிடம் ஐந்து வார்த்தைகள் இருந்தன. வெறுமனே கண்ணை ஓட்டியிருந்தால் 'சீன்'. எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் 'செக்டு'. கருவி வைத்து வரைபடத்தின்படி அளந்திருந்தால் 'இன்ஸ்பெக்டட்'. ஒன்றை அறுத்து உள்ளே பார்த்திருந்தால் 'எக்ஸாமின்ட்'. சந்தேகம் வந்து, ஒன்று விடாமல் லென்ஸ் வைத்துக் குடைந்திருந்தால்தான் 'ஸ்க்ரூட்டினைஸ்ட்'. தலையே போனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதமாட்டார்.

"இன்வெஸ்டிகேஷன்னு ஒண்ணு இருக்கே சார், அது?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அது உடைஞ்சதுக்கு அப்புறம் பாக்கறதும்மா. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

ரேஷன் ஆபீசில் ஒருவர் இவருடைய விண்ணப்பத்தில் 'வெரிஃபைட்' என்று முத்திரை குத்தியிருக்கிறார். வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? "பாய்சாப், கர் பே தோ கோயி ஆயா ஹீ நஹீ?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு யாருமே வரவில்லையே, எதை வைத்து வெரிஃபை செய்தீர்கள் என்பது கேள்வி. அந்தக் கேள்விக்காக அவர் குடும்பம் எட்டு மாதம் ரேஷன் சர்க்கரையைக் கண்ணில் பார்க்கவில்லை.

தம்பிக்குப் பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். "பொண்ணப் பாத்தீங்களே, பிடிச்சிருக்கா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"சீன் ஆச்சுங்க. அதுக்கு மேல பாக்க நமக்கு என்ன தகுதி? நீங்கதான் எங்க பையன எக்ஸாமின் பண்ணணும். போன மாசத்துலேருந்து அவனுக்கு வேலையில்ல."

அதை மறைக்கத்தான் தம்பி கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தான். அண்ணனோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

இப்படிக் குடைகிறவரிடம் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. நான் டைப் அடித்துக் கொண்டுபோகும் காகிதத்தை மட்டும் படிக்கமாட்டார். அவர் எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன் என்று என்மீது அப்படி ஒரு நம்பிக்கை. கை கையெழுத்துப் போடும், கண் அடுத்த பெட்டியில் இருக்கும்.

ஒரு மார்ச் மாதக் கடைசி. பெரிய கம்பெனிக்குப் போக வேண்டிய சரக்குக்காக வாசலில் டெம்போ நின்றது. அளந்து பார்க்க அவர் ஒரு நாள் கேட்டார். நாங்கள் மாலக் என்று கூப்பிடும் முதலாளி ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை. சான்றிதழில் அடிக்க 'சீன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த வார்த்தையோடு போனால் கம்பெனி சரக்கை கேட்டிலேயே திருப்பிவிடும்.

மாலக் நேராக என் மேஜைக்கு வந்தார். "இன்ஸ்பெக்டட் டைப் கர் தோ. ஏக் ஷப்த் ஹீ தோ ஹை." இன்ஸ்பெக்டட் என்று அடித்துவிடு, ஒரு வார்த்தைதானே என்றார். அடித்தேன். முடியாது என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் வெட்கக்கேடு. நாலு காகிதங்களுக்கு நடுவே வைத்து நீட்டினேன். சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் பின்களெல்லாம் விரிசல் விட்டு மொத்தமாகத் திரும்பி வந்தன. உடைந்த பிறகு பார்க்கும் அந்த ஆறாவது வார்த்தை வந்தேவிட்டது. விசாரணை கால் மணி நேரம் நடந்தது. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தது நான்.

மானேஜர் கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க, நீங்க போயி படிக்காம கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆமா சார். அந்தம்மா அடிச்சத நான் பாக்கறதில்ல."

"அப்ப அவங்க மாத்தி அடிச்சுட்டாங்கன்றீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"கையெழுத்து என்னுதுதானே சார்," என்றார்.

'தீர விசாரித்ததில்' என்று ஆரம்பிக்கும் வேலைநீக்க உத்தரவையும் நான்தான் அடித்தேன். அதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு மாலக் எனக்கு மட்டும் இரண்டு இனிப்பு டப்பா கொடுத்தார். வெட்கமில்லாமல் தின்றேன். இன்னும் ஒன்பது வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் என் மகளுக்குக் கராடியில் ஐடி வேலை. ஒருநாள் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டாள் என்று சாங்வியிலிருந்து இரண்டு பஸ் மாறி எடுத்துப் போனேன். கேட்டில் நீள வரிசை. "அங்கிள், ஜல்தி கரோ நா!" என்று பிள்ளைகள் அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தார்கள். செக்யூரிட்டி சட்டை தொளதொளக்க, நரைத்த தலையோடு ஒருவர் யாரோ ஒருவனின் சாம்பார் டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஸ்க்ரூட்டினி சார். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"பைய வேணாம்மா. போங்க."

எனக்குத் தாங்கவில்லை. ஜிப்பை நானே இழுத்துத் திறந்து நீட்டினேன். "பாருங்க சார். நான்தான் அன்னிக்கு அந்த வார்த்தைய மாத்துனேன்."

"அன்னிக்கே தெரியும்மா," என்றார். "உங்களுக்கும் வேலை வேணும்ல? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

பதிவேட்டில் எல்லோர் பெயருக்கு நேரேயும் அதே முத்து முத்தான கையெழுத்தில் 'எக்ஸாமின்ட்' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே 'சீன்' என்று எழுதினார்.

இத்தனை வருஷமாக என் அடிமனசு வரைக்கும் குடைந்து பார்த்து வைத்திருந்தவர், வெறுமனே கண்ணை ஓட்டியதாக எழுதிவிட்டார். ஸ்க்ரூட்டினி சார் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான், அதை எனக்காக எழுதினார்.